குறைந்த விலையும் குறையாத அளவும்: மலிவு விமானப் பிரயாணம் பற்றி ஒரு பாடம்



நம் முன்னோர் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலில் வந்தவர்கள். 1926 முதல் 1973 வரை ஓடிய ‘ரஜூலா’ கப்பலின் பெயர் இன்றும் பெரியவர்கள் வாயில் இருக்கிறது. அதில் பெரும்பாலோர் டெக் பிரயாணிகள். பாயும் போர்வையும் அவரவருடையது. தனி அறை கிடைக்காது என்று தெரிந்தே ஏறினார்கள். ஆனால் டிக்கெட் வாங்கியவனைக் கரை சேர்ப்பது கப்பல்காரர் கடமை என்பதும் அவர்களுக்குத் தெரியும். இன்று திருச்சிக்கும் சென்னைக்கும் நாம் போகும் மலிவுக் கட்டண விமானம் அந்த டெக்கைப் போன்றதுதான். அதில் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கலாகாது என்பதை இந்தப் பாடத்தில் கவனிப்போம்.

1. விலை ஏன் மலிவு?

முதல் போட்ட சரக்கு கடையில் தூங்கினால் நஷ்டம். தரையில் நிற்கும் விமானமும் அப்படியே. ஆகையால் இந்தக் கம்பெனியார், வந்திறங்கிய விமானத்தை ஏறத்தாழ அரை மணி நேரத்தில் மறுபடியும் கிளப்பப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் ஒரே ரக விமானங்களை வைத்துக்கொள்வதால் பழுது பார்க்கும் செலவு குறைகிறது. ஏர்பஸ் ஏ320 விமானத்தில் 180 ஆசனங்களோ அதற்கு மேலுமோ அமைக்கிறார்கள். சாப்பாடு, பெட்டி, இஷ்டமான ஆசனம் ஆகியவற்றை டிக்கெட்டிலிருந்து பிரித்துத் தனித்தனியே விலை போடுகிறார்கள். 2001-ல் டோனி பெர்னாண்டஸ், கடனில் மூழ்கியிருந்த ஏர் ஆசியாவை 1 வெள்ளிக்கு வாங்கி நடத்தத் தொடங்கியது இந்த முறையில்தான். 2012-ல் சிங்கப்பூரிலிருந்து ஸ்கூட் பறக்கத் தொடங்கியதும் இதே முறையில்தான்.

இதிலிருந்து ஒரு விஷயம் விளங்கும். ஒரே விமானம் நாள் முழுவதும் ஓடுவதால், காலையில் ஏற்பட்ட தாமதம் மாலை வரை தொடரும். அவசர காரியமாகப் போகிறவர் அன்றைய முதல் விமானத்தைப் பிடிப்பதே உசிதம்.

2. எதிர்பார்க்கக் கூடாதவை

இலவசச் சாப்பாடும் இலவசப் பெட்டியும் கிடையா. கையில் கொண்டுபோகும் சாமான் ஏர் ஆசியாவில் 7 கிலோ, ஸ்கூட்டில் 10 கிலோ. இது பைகள் எல்லாம் சேர்ந்த எடை. அதற்கு மேல் வேண்டுமானால் டிக்கெட் வாங்கும்போதே சேர்த்து வாங்குங்கள். விமான நிலையத்தில் வாங்கினால் விலை கூடுதல். புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே சாமான் போடும் கவுண்டரை மூடிவிடுவார்கள். பிறகு கெஞ்சிப் பயனில்லை.

இன்னொன்றை என் சொந்த அனுபவத்தில் கற்றேன். 2023-ல் ஊரில் எங்கள் பெரிய மாமா மௌத்தான செய்தி விடியற்காலையில் வந்தது. பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு ஒரு கம்பெனியிலும், அங்கிருந்து திருச்சிக்கு வேறொரு கம்பெனியிலும் டிக்கெட் வாங்கினேன். இரண்டும் மலிவு, இடையில் இரண்டரை மணி நேரம். முதல் விமானம் மூன்று மணி நேரம் தாமதித்தது. நான் போய்ச் சேர்ந்தபோது திருச்சி விமானம் போய்விட்டது. “இரண்டு டிக்கெட், இரண்டு ஒப்பந்தம், அந்த விமானத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல” என்றார் அங்கிருந்த உத்தியோகஸ்தர். மறுநாள் விமானத்துக்கு மூன்று மடங்கு விலை கொடுத்துப் போனேன். ஜனாஸாத் தொழுகை முதல் நாளே முடிந்துவிட்டது. என்னைத் தூக்கி வளர்த்தவருக்கு ஒரு பிடி மண் போடக் கிடைக்கவில்லை.

அந்த உத்தியோகஸ்தர் சொன்னது சரியே. ஒரே டிக்கெட்டில் இரண்டு பிரயாணத்தையும் எழுதி வாங்கியிருந்தால், அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு அவர்களுடையதாக இருந்திருக்கும். தனித்தனியே வாங்கினால் அந்தப் பொறுப்பு நம் தலையில். அப்படி வாங்கத்தான் வேண்டுமென்றால் இடையில் ஆறு மணி நேரமாவது விடுங்கள். ஜனாஸா போன்ற காரியத்துக்கு நேராகப் போகும் விமானமே மேல்.

3. எதிர்பார்க்க வேண்டியவை

அன்று எனக்குத் தெரியாத மற்றொரு விஷயமும் உண்டு. மூன்று மணி நேரம் பசியோடு உட்கார்ந்திருந்தேன். சாப்பாடு கேட்க எனக்குச் சட்டப்படி உரிமை இருந்தது.

மலேசியாவில் 2016 முதல் விமானப் பிரயாணிகள் பாதுகாப்பு விதிகள் அமலில் இருக்கின்றன. மலிவு விமானம், பெரிய விமானம் என்ற பேதம் அவற்றில் இல்லை. விளம்பரத்தில் போடும் விலை வரிகள் உட்பட முழு விலையாக இருக்க வேண்டும். நாம் கேட்காத சேவையைத் தானாகச் சேர்த்துப் பணம் வாங்கக் கூடாது. இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதித்தால் சாப்பாடு தர வேண்டும். ஐந்து மணி நேரம் ஆகி, இரவு தங்க நேர்ந்தால் தங்கும் இடமும் போக்குவரத்தும் தர வேண்டும். 2024 செப்டம்பர் 2 முதல், ஐந்து மணி நேரத் தாமதத்தில் பிரயாணம் வேண்டாமென்றால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எவ்வழியில் கொடுத்தோமோ அவ்வழியிலேயே 30 நாளுக்குள் தர வேண்டும். 2020-ல் பெருந்தொற்றின்போது பலருக்குப் பணத்துக்குப் பதிலாக வெறும் கடன் சீட்டு கிடைத்ததை நாம் மறக்கவில்லை. முதலில் கம்பெனிக்கு எழுதுங்கள். நியாயம் கிடைக்காவிட்டால் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்துக்கு எழுதுங்கள். 2025 ஆகஸ்டு 1 முதல் இப்பொறுப்பு அவர்களிடம் இருக்கிறது.

சாமான் சேதமானால் 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்தால் கைக்கு வந்த 21 நாளுக்குள்ளும் எழுத்து மூலம் புகார் செய்ய வேண்டும். இது மொன்ட்ரியல் ஒப்பந்த விதி. 2024 டிசம்பர் 28 முதல் சாமானுக்கு நஷ்ட ஈட்டின் உச்சவரம்பு ஒரு பிரயாணிக்கு 1,519 எஸ்.டி.ஆர்., அதாவது ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர். ஆகையால் விலையுயர்ந்த துணிமணி, கல், மாதிரிச் சரக்கு கொண்டுபோகும் வியாபாரிகள் அதைக் கையில் வைத்துக்கொள்க. அல்லது பெட்டியைக் கொடுக்கும்போதே மதிப்பை எழுதிக் கொடுத்து, கேட்கும் கூடுதல் கட்டணத்தைக் கட்டிவிடுக.

4. நம் கடமை

குர்ஆன் ஷரீபின் மிக நீண்ட வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. பத்து வெள்ளிக் கடனுக்குச் சீட்டு எழுதும் நாம், டிக்கெட் நிபந்தனைகளைப் படிக்காமலே சம்மதம் என்று கைபேசியில் அழுத்திவிடுகிறோம். அது நம் கையெழுத்து என்பதை உணர வேண்டும்.

எடை போடும்போது பையைத் தோழரிடம் மறைத்துக் கொடுத்துவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்வது சாமர்த்தியம் என்று சிலர் நினைக்கிறார்கள். நம் கடைத் தராசில் ஒருவர் விரலை வைத்தால் என்ன சொல்வோம்? இதுவும் அதுவே. தெரியாதவர் கொடுக்கும் பொட்டலத்தை வாங்கிச் செல்வதும் அமானிதமல்ல, ஆபத்து.

முடிவாக ஒன்று. மலிவுக் கடையில் சரக்கைப் பழைய காகிதத்தில் மடித்துக் கொடுக்கலாம். வாங்குகிறவர் குறை சொல்ல மாட்டார். ஆனால் ஒரு கிலோவுக்கு 900 கிராம் நிறுக்க யாருக்கும் உரிமையில்லை. காகிதத்துக்காகச் சண்டை போடாதீர்கள், எடையை விட்டுக்கொடுக்காதீர்கள்.

அல்லாஹ் நம் பிரயாணங்களை எளிதாக்குவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.