ஒரு பெரிய எண்ணின் கதை

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல்மணி, அடுத்ததில் இரண்டு, பின்னர் நான்கு என இரட்டித்து வைக்கும் கதையை நாம் அறிவோம். முதல் மூன்று கட்டங்களில் மொத்தம் 7 மணிகள். அதாவது, மூன்று இரண்டுகளைப் பெருக்கி 1-ஐக் கழித்தால் வருவது. பலகையின் 64 கட்டங்களோடு இன்னும் மூன்றைச் சேர்த்தால் 67 கட்டங்கள். அப்போது மொத்தம்:

14,75,73,95,25,89,67,64,12,927

இருபத்தோர் இலக்கங்கள் கொண்ட இவ்வெண் பகா எண்ணா? அதாவது, 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடுமா? 'ஆம்' என்று 1644-இல் எழுதினார், பிரான்ஸ் நாட்டுத் துறவியும் கணித அறிஞருமான மெர்சென். பெரியவர் சொன்னது, சரிபார்ப்பதும் எளிதன்று. ஆகவே அக்கூற்று நெடுங்காலம் நிலைத்தது.

1876-இல் லூக்கா என்ற பிரெஞ்சு அறிஞர், அது பகா எண் அன்று என்று காட்டினார். ஆயினும் அதை வகுக்கும் எண்கள் எவை என்பதை அவரும் கண்டறியவில்லை. 'பூட்டு திறக்கக்கூடியது' என்று தெரிந்தது, சாவி கிடைக்கவில்லை!

1903 அக்டோபரில் நியூயார்க்கில் கூடிய அமெரிக்கக் கணிதக் கழகத்தில் பேராசிரியர் கோல் சாவியைக் கொணர்ந்தார். அவர் ஒரு சொல்லும் பேசாமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு அமர்ந்தாராம், அவையோர் கைதட்டினராம். அவர் எழுதிய எண்கள் இவை:

19,37,07,721 × 7,61,83,82,57,287

இக்காரணிகளைத் தேட எவ்வளவு காலம் பிடித்தது என்று கேட்டதற்கு, 'மூன்று ஆண்டு ஞாயிறுகள்' என்றாராம்.

நாங்கள் மட்டும் நம்பிவிடலாமா? முதலில் கடைசி மூன்று இலக்கங்களைப் பார்த்தோம். 721 × 287 = 2,06,927. முடிவு 927, பொருந்துகிறது! அடுத்து, இலக்கங்களைக் கூட்டினோம். காரணிகளில் 37, 64. இரண்டையும் மேலும் கூட்டி ஓரிலக்கமாக்கினால் 1, 1. பெரிய எண்ணில் 109, அதுவும் 1. இன்னொரு வியப்பு: இரு காரணிகளையும் 67-ஆல் வகுத்தால் மீதி 1!

இவை யாவும் அடையாளங்களே, நிரூபணம் ஆகா. சாதாரணக் கணக்கிடு கருவியில் 21 இலக்கங்கள் அடங்கா. எனவே கரும்பலகையில் முழுவதும் பெருக்கினோம். முதல் முறை ஓரிடத்தில் மீதம் ஏற்ற மறந்தோம், விடை தவறியது. இரண்டாம் முறை ஒவ்வோர் இலக்கமும் சரியாக வந்தபோது, எங்களையறியாமல் நாங்களும் கைதட்டினோம்.

இன்று கணிப்பொறி இக்காரணிகளை நொடியில் கண்டுபிடித்துவிடும். ஆயினும் கண்டுபிடிக்க ஒருவருக்கு ஆண்டுகள் ஆனதை, சரிபார்க்க எங்களுக்கு ஒரு மாலைப்பொழுது போதுமானதாயிற்று. மெர்சென் தவறியது அவருக்கு இழுக்கன்று. ஆனால், புத்தகத்தின் பின்பக்க விடையைப் பார்த்ததும் பேனாவை மூடிவிடும் வழக்கத்தை நாங்கள் அன்றோடு விட்டோம். தோழியரே, நீங்களும் ஒருமுறை பெருக்கிப் பாருங்களேன்!