பழைய பெயர்தான் வேண்டும், ஆனால் ஊரெல்லாம் அதே பெயரா?

ஆறுமுகநேரியில் வந்திறங்கி "ஆறுமுகம் வீடு எது?" என்று கேட்டால், "எந்த ஆறுமுகம்?" என்றுதான் பதில் வரும். பக்கத்திலேயே திருச்செந்தூர் இருப்பதால் செந்தில், சண்முகம், ஜெயந்தி. முத்துக் கரைக்கு ஏற்றாற்போல் முத்துக்குமார், முத்துலட்சுமி. குலதெய்வத்தின் பேரால் சுடலைமுத்து, இசக்கியம்மாள், பேச்சிமுத்து. இந்தப் பக்கத்து மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே பெயரைப் பலராகப் பகிர்ந்துதான் வாழ்ந்திருக்கிறார்கள். இடையில் பிள்ளைகளின் பெயர்கள் 'ஷ்' என்றும் 'ஷா' என்றும் முடியத் தொடங்கின. இப்போது பழைய பெயர்மீது ஆசை திரும்பியிருப்பதில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. ஆனால் யாழினி, நிலா, கவின், ஆதிரை என்று எல்லோரும் ஒரே சில பெயர்களுக்குத்தான் வந்து சேர்கிறார்கள். அதனால்தான் "ரொம்பப் பேருக்கு வச்சிட்டாங்களோ?" என்று பெற்றவர்களுக்குத் தயக்கம்.

முதல் வேலை, செல்போனை எடுக்காமல் வீட்டுப் பெரியவர்களிடம் போய் உட்காருவது. "ஆச்சி, ஒங்க அம்ம பேரு என்ன? அவங்க கூடப்பிறந்தவங்க பேரு என்ன?" என்று கேளுங்கள். அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் எட்டுகிற தலைமுறை வரை எழுதிக்கொள்ளுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகைகளையும் நிலப் பத்திரங்களையும் பிரித்துப் பாருங்கள். ஆச்சிக்கே மறந்துபோன பெயர்கள் அவற்றில் கிடைக்கும்.

அடுத்து, பிடித்த பெயர் எந்த வழியாக உங்களிடம் வந்தது என்று பாருங்கள். கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. வானதி, பூங்குழலி, அருள்மொழி என்ற பெயர்களை வீட்டுக்குள் கொண்டுவந்தது. 2022இலும் 2023இலும் படம் வந்தபோது அதே பெயர்கள் மறுபடி எல்லோர் வாயிலும் புழங்கின. கீழடிப் பானை ஓட்டில் 'ஆதன்' என்று எழுதியிருந்த செய்தி 2019இல் பரவியபோது அந்தப் பெயருக்கும் புதிதாக ஒரு மதிப்பு வந்தது. நல்ல பெயர்கள்தான். ஆனால் ஓர் அலையோடு வந்த பெயருக்கு அந்த அலையின் ஆண்டு ஒட்டிக்கொள்ளும்; பள்ளியில் ஒரே வகுப்பில் இரண்டு மூன்று பேர் சேர்வது அப்படித்தான். கொள்ளுப்பாட்டி வழியாக வந்த பெயருக்கு அந்தச் சிக்கல் குறைவு. ஊரில் பத்துப் பேருக்கு இருந்தாலும் உங்கள் வீட்டில் அதற்கு ஒரு முகம் இருக்கிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் தயங்காமல் வீட்டுப் பெயரையே சொல்வேன்.

மூன்றாவது, ஊகிக்காமல் எண்ணிப் பார்ப்பது. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் உங்கள் பாகத்து வாக்காளர் பட்டியல் கிடைக்கும். பெயருக்குப் பக்கத்தில் வயதும் இருக்கும். நீங்கள் நினைத்த பெயர் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மட்டும் இருந்தால் தைரியமாக வைக்கலாம். உங்கள் பிள்ளையின் வகுப்பில் அநேகமாக அவள் ஒருத்திதான் இருப்பாள். பட்டியலில் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் இருக்கமாட்டார்கள். குழந்தைகளின் பெயருக்கு அங்கன்வாடி அக்காவிடமும் ஒன்றாம் வகுப்பு டீச்சரிடமும் கேளுங்கள். தடுப்பூசி போடும் நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொஞ்சநேரம் காத்திருந்தாலே போதும், பெயர் கூப்பிடும்போது தெரிந்துவிடும். மாநிலம் முழுக்க அந்தப் பெயர் எத்தனை பேருக்கு என்ற கவலை வேண்டாம். பங்காளி வீடு, தெரு, வகுப்பறை, இந்த மூன்றைப் பார்த்தால் போதும்.

மூன்றிலும் அதே பெயர் நிறைய இருந்தால்கூட உடனே கைவிடாதீர்கள். அதே பெயரின் முழு வடிவத்தையோ உள்ளூர் வடிவத்தையோ தேடுங்கள். ஆறுமுகத்துக்குப் பதில் ஆறுமுகநயினார், ஜெயந்திக்குப் பக்கத்தில் ஜெயந்திநாதன். இரண்டும் திருச்செந்தூர்ச் சாமியின் பெயர்களே. முத்துவோடு எது சேர்ந்தாலும் இந்தக் கரைக்குப் பொருந்தும்: முத்துமாலை என்று இப்போது யார் வைக்கிறார்கள்? கடற்கரைக் கிறிஸ்தவக் குடும்பங்களில் மரியா நிறைய. தூத்துக்குடி பனிமய மாதாவை நினைத்து வைக்கிற பனிமயம், தஸ்நேவிஸ் போன்ற பெயர்களைக் கேட்டவுடனே இந்த ஊர்ப் பிள்ளை என்று தெரியும். தேர்ந்தெடுத்த பெயரை முன்னெழுத்தோடு சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். தெருமுனையிலிருந்து சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி உரக்கவும் கூப்பிட்டுப் பாருங்கள்.

இங்கே ஒரு வழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாமனார், மாமியார் பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிட்டு, மருமகள் அதைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பார்கள். செல்லப் பெயர் ஒன்று வந்துவிடும். பழைய பெயர் சான்றிதழில் மட்டும் தங்கிவிடும். பிள்ளையும் பள்ளிக்கூடம் போன பிறகுதான் தன் பெயரை முழுதாகக் கேட்கிறது. பெயர் வைக்கும் நாளுக்கு முன்பே பெரியவர்களிடம் பேசி, "அத்தை, ஒங்க பேரச் சொல்லித்தான் கூப்பிடுவேன், கோபப்படக் கூடாது" என்று சம்மதம் வாங்கிவிடுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகவே சம்மதிப்பார்கள்.

கடைசியாகப் பதிவு. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும்; ஆனால் பெயர் இல்லாமலே பதியலாம், அவசரப்பட்டு எதையாவது எழுதிக் கொடுக்கத் தேவையில்லை. ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் உண்டு. பிள்ளை எங்கே பிறந்ததோ அந்த இடத்துப் பதிவாளரிடம்தான் போக வேண்டும். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் பிறந்தால் ஆறுமுகநேரி பேரூராட்சியில் சேர்க்க முடியாது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். சேர்த்த பெயரைப் பின்னால் மாற்ற அரசிதழ் வரை போக வேண்டிவரும். 'ழ' வருகிற பெயரென்றால் ஆங்கிலத்தில் எந்த எழுத்துகள் என்று வீட்டிலேயே முடிவுசெய்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சான்றிதழை வாங்கியதும் அங்கேயே நின்று இரண்டு மொழியிலும் எழுத்துக் கூட்டிச் சரிபாருங்கள்.