போர்த் தண்ணீரும் பச்சைத் தண்ணீரும்

பேராவூரணி வாசகர் ஒருவர் கேட்கிறார்: 'அப்பா 2002-இல் வாங்கிய மாருதி 800 இன்னும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. வெயில் காலத்தில் பட்டுக்கோட்டை போய்த் திரும்புவதற்குள் ஹீட் முள் மேலே ஏறிவிடுகிறது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் செங்கல் கரைத்த மாதிரித் தண்ணீர். கூலண்ட் மாற்று என்கிறார்கள். கடையில் பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் இருக்கிறது. எதை வாங்குவது?'

நிறத்துக்கு அப்புறம் வருவோம். இத்தனை வருஷமாக அந்த ரேடியேட்டரில் எந்தத் தண்ணீரை ஊற்றினீர்கள்? போர்த் தண்ணீர் என்றுதான் சொல்வீர்கள். கல்லணைக் கால்வாயின் கடைமடை ஊர் உங்களுடையது. ஆற்றுத் தண்ணீர் எட்டிப் பார்க்காத மாதங்களில் தென்னைக்கும் போர்தான், குளிக்கவும் போர்தான், காருக்கும் போர்தான். சேதுபாவாசத்திரம் பக்கம் போகப்போக அதில் உப்பும் கூடும். வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாக ஏடு படிகிறதே, அதே சுண்ணாம்பு இன்ஜினுக்குள் எங்கே சூடு அதிகமோ அங்கே முதலில் படியும். சிலிண்டர் ஹெட்டைச் சுற்றி ஒரு மெல்லிய ஏடு படிந்தாலே சூடு தண்ணீருக்குக் கடத்தப்படுவது குறைந்துவிடும். ரேடியேட்டரின் சன்னக் குழாய்கள் ஒவ்வொன்றாக அடைபடும். உப்பு தன் பங்குக்கு அலுமினியத்தைப் பொடிப்பொடியாக அரிக்கும். உங்கள் வண்டியின் ஹெட் அலுமினியம். அம்பாசடரின் பழைய 1489 சிசி இன்ஜின் முழுக்க வார்ப்பிரும்பு என்பதால் துருவேறித் துருவேறிப் பல வருஷம் தாங்கியது. அதைப் பார்த்துப் பழகிய கைகள் மாருதிக்கும் குடத்துத் தண்ணீரை ஊற்றின. மூடியைத் திறந்ததும் நீங்கள் பார்த்த செங்கல் நிறம் அந்தப் பழக்கத்தின் துருதான்.

கூலண்ட் ஊற்றினால் இன்ஜின் 'ஜில்'லென்று ஆகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மை வேறு. வெப்பத்தைச் சுமப்பதில் வெறும் தண்ணீருக்குத்தான் வலு அதிகம். கூலண்டின் முக்கியப் பொருளான எத்திலீன் கிளைகாலைப் பாதிக்குப் பாதி கலந்தால் அந்த வலு ஆறில் ஒரு பங்கு போலக் குறையும். பிறகு எதற்குக் கலக்கிறோம்? குளிர்நாட்டில் உறையாமல் இருக்கக் கலக்கிறார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. நமக்கு வேண்டியது அதில் உள்ள துருத் தடுப்பு மருந்தும், கொதிநிலை சற்று உயர்வதும். கொதிநிலையில் ரேடியேட்டர் மூடிக்கும் பங்கு உண்டு. அதில் 0.9 என்று அச்சிட்டிருக்கும், மூடி பிடித்து நிறுத்தும் அழுத்தம் அது. மூடி நல்ல நிலையில் இருந்தால் உள்ளே வெறும் தண்ணீர் 118 டிகிரி வாக்கில் கொதிக்கும், பாதிக்குப் பாதிக் கலவை 125 வரை தாங்கும். மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால் அழுத்தம் நிற்காது, எந்தக் கூலண்டும் சீக்கிரமே கொதிக்கும். அதனால் கூலண்ட் வாங்கும்போதே ஒரு புது மூடியும் சேர்த்து வாங்குங்கள். பெரிய செலவில்லை.

இப்போது நிறம். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் கம்பெனிக்காரர் போடும் சாயம். எந்த நிறம் எந்த வகை என்று உலகத்துக்கே பொதுவான விதி கிடையாது. டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். பழைய வகையில் சிலிக்கேட், பாஸ்பேட் போன்ற உப்புகள் சேர்ந்திருக்கும். வேகமாகக் காப்பு தரும், இரண்டு வருஷத்தில் தீர்ந்துவிடும். கரிம அமில வகை மெதுவாக வேலை செய்து ஐந்து வருஷம் வரை வரும். இரண்டையும் சேர்த்த கலப்பு வகைகளும் உண்டு. கடினத் தண்ணீரில் படிவு விழும் என்று ஐரோப்பியர் பாஸ்பேட்டைத் தவிர்த்தார்கள். வாட்டர் பம்ப் சீலுக்கு ஆகாது என்று ஜப்பானியர் சிலிக்கேட்டைத் தவிர்த்தார்கள். மாருதி 800 சுசூகியின் வழி வந்த வண்டி. சிலிக்கேட் இல்லாத, ஜப்பான் வண்டிகளுக்கு என்று எழுதிய, பாஸ்பேட் சேர்ந்த கரிம அமில வகை அதற்குப் பொருந்தும். டப்பாவில் ஜேஐஎஸ் கே 2234 அல்லது நம் ஊர் ஐஎஸ் 5759 தர எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். தர எண்ணும் கம்பெனி முகவரியும் இல்லாமல் பெட்டிக் கடையில் தொங்கும் பச்சைத் தண்ணீரைத் தொடாதீர்கள். சிலவற்றில் சாயம்தான் அதிகம்.

வீட்டில் அம்பாசடரோ பிரீமியர் பத்மினியோ வைத்திருப்பவர்களுக்கு என் யோசனை வேறு. ஈயப்பற்று வைத்த பித்தளை ரேடியேட்டர் என்றால் பழைய வகைப் பச்சையையே ஊற்றி, இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை தவறாமல் மாற்றுங்கள். வெறும் கரிம அமில வகை அந்த ஈயப்பற்றைச் சரியாகக் காப்பதில்லை. மேல்தொட்டி கறுப்புப் பிளாஸ்டிக்காக இருந்தால் உள்ளே அலுமினியம், அதற்கு இந்தக் கவலை இல்லை. இரு வகையைக் கலந்தால் உடனே ஜெல்லியாக உறைந்துவிடும் என்று பயமுறுத்துவார்கள். எப்போதும் அப்படி ஆவதில்லை. ஆனால் ஐந்து வருஷம் வர வேண்டியது பாதியிலேயே செத்துப்போகும்.

தண்ணீருக்கு பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் போதும். அங்கே ஆசிட் கேனும் பக்கத்திலேயே இருக்கும், கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். குடிக்கும் கேன் தண்ணீர் வேண்டாம். பலர் அதில் ருசிக்காகத் தாது உப்பைத் திரும்பச் சேர்க்கிறார்கள். கூலண்ட் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது, குறைந்தால் துருத் தடுப்பு போதாது. பாதிக்கு மேலும் வேண்டாம். 'ரெடி டு யூஸ்' என்று போட்ட டப்பா ஏற்கெனவே கலந்தது, அதில் மறுபடி தண்ணீர் சேர்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மாற்றும் வேலையை அதிகாலையில், இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். சூட்டில் மூடியைத் திறந்த ஒரு அவசரத்துக்கு என் இடது முன்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது. ஹீட்டர் இருந்தால் சூட்டுப் பக்கம் முழுக்கத் திருப்பி வையுங்கள். ரேடியேட்டரின் அடித் திருகைத் திறந்து, பழையதை ஒரு பேசினில் பிடியுங்கள். பிறகு டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சுடும்வரை ஓட்டி, ஆறவிட்டு வடியுங்கள். உங்கள் வண்டிக்கு இது நாலைந்து முறை ஆகும். தெளிந்த தண்ணீர் வரும்வரை விடக் கூடாது. அப்படியும் சேறாகவே வந்தால் ரேடியேட்டரைக் கழற்றி, ராடு போட்டுச் சுத்தம் செய்கிறவரிடம் கொடுக்க வேண்டியதுதான். பிளாஸ்டிக் தொட்டி என்றால் புதிதாக வாங்குவதே லாபம்.

ஒரு கணக்கு பலருக்குத் தவறுகிறது. எவ்வளவு வடித்தாலும் பிளாக்குக்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கும். அதனால் கலவையை வெளியே கலந்து ஊற்றினால் உள்ளே போய் நீர்த்துவிடும். கையேட்டில் உள்ள மொத்தக் கொள்ளளவைப் பார்த்து, அதில் நாற்பது சதக் கூலண்டை முதலில் நேராக ஊற்றிவிட்டு, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். முன்பக்கம் மேடாக இருக்கும்படி வண்டியை நிறுத்தி, மூடியில்லாமல் ஓடவிட்டு, மேல் ஹோஸை துணி சுற்றி அமுக்கினால் சிக்கிய காற்று குமிழியாக வெளியேறும்.

இதைச் செய்யும்போதே மெக்கானிக்கிடம் ஒன்று கேளுங்கள்: தெர்மோஸ்டாட் இருக்கிறதா? 'நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு' என்று கழற்றி எறிவது தமிழ்நாடு முழுக்க உள்ள வழக்கம். கழற்றினால் இன்ஜின் பதமான சூட்டுக்கு வர நேரமாகும், பெட்ரோல் கூடக் குடிக்கும், ஆயிலில் பிசின் கட்டும். ஹீட் ஆகும் வியாதியும் அப்படியே இருக்கும், அதன் காரணம் வேறெங்கோ இருப்பதால்.

அந்தக் காரணம் சில சமயம் ரேடியேட்டரின் முன்னாலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அறுவடைக் காலத்தில் டெல்டா சாலைகளில் நெல்லும் வைக்கோலும் காய்கின்றன. அதன் மேல் ஓட்டி வந்த வண்டியின் ரேடியேட்டர் செதில்களில் சுங்கும் பதரும் நெருக்கி அடைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன், அதோடு தேங்காய் நார்த் தூசும். உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீரை மெதுவாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். வேகமாக அடித்தால் செதில் மடங்கிவிடும். ஃபேன் ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஆயில் மூடியின் அடியில் மோர் மாதிரி வெளுத்திருந்தாலோ, ரேடியேட்டரில் விடாமல் குமிழி வந்தாலோ ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது, கூலண்டுக்குக் காசைச் செலவழிக்காதீர்கள்.

வடித்த பழைய தண்ணீரை வாய்க்காலில் கொட்டிவிடாதீர்கள். கிளைகால் இனிக்கும், நாயும் மாடும் நக்கிக் குடிக்கும், சிறுநீரகம் போகும். மூடியுள்ள கேனில் ஊற்றி, பேர் எழுதி, குழந்தைகள் எட்டாத இடத்தில் வைத்து, பழைய ஆயில் எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். மறுநாள் காலை ரிசர்வ் டப்பாவில் அளவு ஒரு விரல் இறங்கியிருக்கும், அது காற்று போன இடம். நிரப்பிவிட்டு, மாற்றிய தேதியையும் வகையின் பெயரையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி பானட்டின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள், அடுத்த மெக்கானிக் நிறத்தைப் பார்த்து ஊற்றாமல் இருப்பார்.