ரிம் பெரிதானால் வேகமானி பொய் சொல்லுமா?

உங்கள் அண்ணன் தம் காரின் 14 அங்குல ரிம்மை எடுத்துவிட்டு 15 அங்குல ரிம் போட நினைக்கிறார். கடையில் 15 அங்குல ரிம்முக்குப் பொருந்தும் டயர்கள் இரண்டு இருக்கின்றன. எதை வாங்குவது? பெருக்கல் கணக்கு தெரிந்தால் போதும், நீங்களே பதில் சொல்லலாம்.

டயரில் உள்ள எண்கள்

காரில் இப்போது இருப்பது 175/65 ஆர்14 டயர் என வைத்துக்கொள்வோம். சிறிய கார்கள் பலவற்றில் இந்த அளவு உண்டு.

• 175 – டயரின் அகலம், மில்லிமீட்டரில்.
• 65 – பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது. இது மில்லிமீட்டர் அல்ல.
• ஆர் – ரேடியல் வகை டயர். பலர் இதை ஆரம் என்று தவறாக நினைக்கிறார்கள்.
• 14 – ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

முழு விட்டம்

பக்கச்சுவர்: 175 × 0.65 = 113.75 மி.மீ.
ரிம்: 14 × 25.4 = 355.6 மி.மீ.
ரிம்முக்கு மேலும் கீழும் பக்கச்சுவர் இருப்பதால் அதை 2ஆல் பெருக்குகிறோம்.
முழு விட்டம்: 355.6 + (2 × 113.75) = 583.1 மி.மீ.

கடையில் உள்ள டயர்களையும் இதே போலக் கணக்கிட்டால்:

அ) 185/65 ஆர்15 = 621.5 மி.மீ. (6.6 விழுக்காடு கூடுதல்)
ஆ) 185/55 ஆர்15 = 584.5 மி.மீ. (0.2 விழுக்காடு கூடுதல்)

வேகமானிக்குச் சாலை தெரியாது

வேகமானி தூரத்தை நேரடியாக அளப்பதில்லை. சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்பதை வைத்தே வேகத்தைக் காட்டுகிறது. டயர் பெரிதானால் ஒரு சுற்றில் கார் கூடுதல் தூரம் போகும். வேகமானிக்கு அது தெரியாது.

‘அ’ டயரைப் போட்டால், முள் 110 காட்டும்போது உண்மை வேகம் 110 × 1.066, அதாவது மணிக்கு ஏறத்தாழ 117 கிலோமீட்டர். நம் நெடுஞ்சாலையில் வரம்பு 110 ஆயிற்றே! வேகமானிகள் பொதுவாகச் சற்றுக் கூட்டியே காட்டும்படி அமைக்கப்படுகின்றன. ஆனால், பெரிய டயர் அந்தப் பாதுகாப்பு இடைவெளியைக் குறைத்துவிடும்.

அபராதம் மட்டுமே கவலை அல்ல. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1.066 × 1.066 = 1.136. ஆகவே, அதே விசையில் பிரேக் பிடித்தாலும் கார் நிற்க ஏறத்தாழ 14 விழுக்காடு கூடுதல் தூரம் வேண்டும். முன்னால் ஒரு மோட்டார்சைக்கிள் திடீரென நின்றால் அந்தத் தூரம் ஓர் உயிரின் விலையாகலாம்.

அப்படியானால் ‘ஆ’ டயரில் குறையே இல்லையா?

உண்டு. அதன் பக்கச்சுவர் 101.75 மி.மீ. மட்டுமே, பழையதைவிட 12 மி.மீ. குறைவு. பக்கச்சுவர் குறைந்தால் அதிர்வைத் தாங்கும் காற்று மெத்தையும் மெலிகிறது. குழியில் இறங்கினால் ரிம் அடிபடும் வாய்ப்பு கூடும். டயரில் உள்ள சுமைக் குறியீட்டையும் பாருங்கள். 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும். புதிய டயரின் குறியீடு பழையதைவிடக் குறையக் கூடாது.

முயன்று பாருங்கள்

விட்ட வேறுபாடு 3 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. இதே காருக்கு 16 அங்குல ரிம் போட்டால் 195/45 ஆர்16, 195/50 ஆர்16 ஆகியவற்றில் எது பொருந்தும்?

விடை: 195/45 ஆர்16. அதன் விட்டம் 581.9 மி.மீ.; வேறுபாடு 0.2 விழுக்காடுதான். மற்றது 601.4 மி.மீ.; வேறுபாடு 3.1 விழுக்காடு.