வலி போனால் ஜவ்வு வளர்ந்துவிட்டதா?

ஆனி, ஆடிச் சாரலில் குற்றாலத்து ஐந்தருவிக்கு வருகிற கூட்டத்தில் முழங்கால் வலிக்காகவே வருகிறவர்களும் உண்டு. எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்கடியில் நின்றால், மூலிகைக் காட்டைத் தழுவி வரும் தண்ணீர் தேய்ந்த ஜவ்வைச் சரிசெய்துவிடும் என்று நம்புகிறார்கள். ஜவ்வு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவர்களிடம் வேறொரு நம்பிக்கை இருக்கிறது: வலி நின்றுவிட்டதால் கால் பழையபடி ஆகிவிட்டது, இனி எதுவும் செய்யலாம் என்பது. பார்வைக்கு இரண்டும் வேறு வேறாகத் தெரியும். ஆனால் வலி எவ்வளவோ, ஜவ்வின் கேடும் அவ்வளவு என்ற ஒரே கணக்கில்தான் இரண்டும் நிற்கின்றன. அந்தக் கணக்கே பிழை.

குழப்பம் சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. 'ஜவ்வு' என்று நாம் சொல்வது முழங்காலுக்குள் இருக்கும் மூன்று வெவ்வேறு பொருள்களை. எலும்பு முனைகளின் மேல் சில மில்லிமீட்டர் கனத்தில், வழுவழுப்பாக, வெள்ளையாகப் படிந்திருப்பது குருத்தெலும்பு. தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே பிறை வடிவில் இரண்டு மெத்தைகள் இருக்கின்றன, இவை பிறைச்சவ்வு. எலும்பை எலும்போடு கட்டி நிறுத்துபவை தசைநார்கள். "ஜவ்வு தேய்ந்துபோச்சு" என்றால் பெரும்பாலும் முதலாவது, "ஜவ்வு கிழிந்துபோச்சு" என்றால் மற்ற இரண்டில் ஒன்று. ஒன்றுக்கு ஏற்ற சிகிச்சை மற்றொன்றுக்குப் பொருந்தாது. பக்கத்து வீட்டுக்காரர் ஆபரேஷன் முடிந்த மறுநாளே நடந்தார், நமக்கு மட்டும் ஏன் ஆறு வாரம் ஊன்றுகோல் என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. எந்த ஜவ்வு, என்ன சிகிச்சை என்று மருத்துவரிடம் பெயர் சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது.

குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. மூட்டுக்குள் சுரக்கும் நீரிலிருந்துதான் அதற்கு ஊட்டம். காலை மடக்கி நீட்டும்போது, அழுத்திய பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவதுபோல் அந்த நீரை அது உள்ளிழுத்துக்கொள்கிறது. தோலில் ஒரு காயம் பட்டால் ரத்தம் வந்து உறைந்து, அதன்மேல் புதுச்சதை வளர்கிறது. குருத்தெலும்புக்கு அந்த வழியே இல்லை. கெட்டுப்போன குருத்தெலும்பு மீள்வதில்லை என்று லண்டன் மருத்துவர் வில்லியம் ஹன்டர் 1743-லேயே எழுதினார். ரத்தம் எட்டாத இடத்துக்கு, தோலின் மேல் பட்டு ஓடும் நீர் எந்த மூலிகைச் சாரத்தையும் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது. "குளித்தால் வலி குறைகிறதே, அது பொய்யா?" என்று கேட்கலாம். பொய்யில்லை. குளிர்ந்த நீர் வலியை மரக்கச் செய்கிறது. அருவியின் அடியும் எண்ணெய்த் தேய்ப்பும் தோலிலிருந்து அனுப்பும் தொடுசெய்திகள், வலியின் செய்தி மூளைக்குப் போவதை மட்டுப்படுத்துகின்றன. இறுகிய தொடைத் தசைகளும் தளர்கின்றன. அந்தச் சுகம் உண்மையானது, வேண்டியதும்கூட. ஆனால் வலி குருத்தெலும்பிலிருந்து வரவில்லை. அதன் அடியிலுள்ள எலும்பும், மூட்டைச் சுற்றிய உறையும், தசையும்தான் வலிக்கின்றன. வலி தணிந்தது என்பதை வைத்துக் குருத்தெலும்பு வளர்ந்தது என்று சொல்ல முடியாது.

இதே பிழைக் கணக்கு மருத்துவ உலகையும் பல ஆண்டுகள் ஏமாற்றியது. தேய்ந்த மூட்டுக்குள் நுண்துளைக் கருவியை விட்டுக் கழுவிச் சுத்தம் செய்தால் வலி குறைந்தது. ஆகவே கழுவியதுதான் குணமாக்கியது என்று நம்பினார்கள். அமெரிக்காவின் ஹூஸ்டனில் 180 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குத் தோலில் மட்டும் கீறல் போட்டுத் தைத்து அனுப்பினார்கள். 2002-இல் வெளிவந்த முடிவு இது: இரண்டு ஆண்டுகள் வரை பார்த்ததில், கழுவிய முழங்கால் கீறல் மட்டும் போட்ட முழங்காலைவிடத் தேறவில்லை. பின்லாந்தில் வயதால் பிறைச்சவ்வு நைந்த 146 பேரிடம் நடந்த ஆய்வும் 2013-இல் அதையே சொன்னது. எனவே ஐம்பது வயதுக்கு மேல், தேய்மானத்துக்காக, 'உள்ளே சுத்தம் பண்ணிவிடலாம்' என்று யாராவது சொன்னால், வேறொரு மருத்துவரிடமும் கேட்காமல் சம்மதிக்காதீர்கள்.

அப்படியானால் ஜவ்வு அறுவைச் சிகிச்சையே வீண் என்று பொருளா? இல்லை. விளையாட்டிலோ விபத்திலோ கிழிந்த பிறைச்சவ்வு மூட்டை மடக்கவும் நீட்டவும் விடாமல் பூட்டிக்கொண்டால் அறுவைச் சிகிச்சை பெரும்பாலும் தேவைப்படும். பிறைச்சவ்வின் வெளி ஓரத்தில் ரத்த ஓட்டம் உண்டு, அங்கே கிழிந்ததைத் தைத்தால் ஒட்டும். இளவயதினரின் குருத்தெலும்பில் சிறு பள்ளம் விழுந்தால், அடியெலும்பில் நுண்துளையிட்டு ரத்தத்தை வரவழைக்கும் முறையை 1980-களில் மருத்துவர் ரிச்சர்ட் ஸ்டெட்மன் பரப்பினார். அதில் வளர்வது அசல் குருத்தெலும்பு அல்ல, தழும்பைப்போன்ற நார்த்திசு. நோயாளியின் குருத்தெலும்புச் செல்லையே ஆய்வகத்தில் பெருக்கித் திரும்ப வைக்கும் முறையை ஸ்வீடன் மருத்துவர்கள் 1994-இல் வெளியிட்டார்கள். இவற்றில் எதுவானாலும் தையல் பிரிந்த அன்று வேலை முடிவதில்லை. பிறைச்சவ்வின் கிழிந்த நுனியை வெட்டி எடுத்தவர் ஓரிரு நாளில் நடக்கலாம். தைத்தவர் பல வாரம் காலை முழுதாக மடக்கக் கூடாது, சம்மணமிடவும் குத்தவைத்து உட்காரவும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எலும்பில் துளையிட்டவருக்கு ஆறு முதல் எட்டு வாரம் ஊன்றுகோல். செல் வைத்தவருக்குத் திசு முதிர ஓராண்டுக்கு மேலும் ஆகும். ஆனால் வலியோ இவர்கள் எல்லோருக்கும் அதற்கு வெகுமுன்னே அடங்கிவிடுகிறது. ஆபத்தான காலம் அப்போதுதான் தொடங்குகிறது.

"அப்படியென்றால் அசையாமல் கிடப்பதே நல்லது" என்று வீட்டுப் பெரியவர்கள் முடிவுகட்டுவதுண்டு. அதுவும் தவறு. அசைவில்தான் குருத்தெலும்புக்கு ஊட்டம். டொரன்டோ மருத்துவர் ராபர்ட் சால்ட்டர், கட்டிவைத்த மூட்டைவிடத் தொடர்ந்து மெல்ல அசைத்த மூட்டில் குருத்தெலும்பு நன்றாக ஆறுவதை விலங்குகளிடம் காட்டி, மூட்டைக் கட்டிப்போடும் பழக்கத்தையே மாற்றினார். படுத்தே கிடந்தால் தொடையின் முன்தசை சில வாரங்களிலேயே மெலிந்துவிடும். பிறகு நடக்கும்போது விழும் அதிர்ச்சியைத் தாங்கத் தசை இல்லாமல், சுமை முழுதும் மூட்டிலேயே இறங்கும். மடித்த துண்டை முழங்காலுக்குக் கீழே வைத்து, தொடையை இறுக்கி அமுக்கி விடுவது மிக எளிய பயிற்சி. அதை நாள்தோறும் செய்பவரும் செய்யாதவரும் மூன்றாம் மாதத்தில் ஒன்றுபோல் நடக்க மாட்டார்கள். சேலம் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த வேகப்பந்து வீச்சாளர் த. நடராஜனுக்கு 2021 ஏப்ரலில் முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்தது. 2022 ஐபிஎல்லில் அவர் 18 விக்கெட் எடுத்தார். அந்தச் செய்தியைப் படிப்பவர்கள் இடையில் கழிந்த மாதங்களையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அறுவைச் சிகிச்சை முடிந்தவர்கள் அருவிக்கு வருவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புண் முழுதும் மூடாத முழங்காலில் ஆற்று நீர் படக் கூடாது, கிருமி மூட்டுக்குள் போனால் குருத்தெலும்பைச் சில நாட்களிலேயே அரித்துவிடும். ஆபரேஷனுக்குப் பின் கெண்டைக்கால் வீங்கி வலித்தால் அங்கே எண்ணெய் போட்டு உருவ விடாதீர்கள். உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் அது நகர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பாசி படிந்த பாறையில், நெரிசலில், தலைமேல் கொட்டும் நீரில் நிற்க இரு காலும் உறுதியாக வேண்டும். ஊன்றுகோலை விட்டு, அறுத்த காலில் மட்டும் தடுமாறாமல் நிற்க முடிந்து, மருத்துவரும் சம்மதித்த பிறகு வாருங்கள். ஐந்தருவியில் அடுத்த ஆனியிலும் தண்ணீர் விழும்.