விவாதக் குழுவில் புதியவர் வாய் திறப்பது எப்படி?

திருவண்ணாமலை என்றவுடன் வெளியூர் அன்பர்கள் அருணாசலேசுவரர் கோயிலை நினைத்துக்கொள்வார்கள். நாம் சொல்வது ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலை. சீனிவாசப் பெருமாள் கோயில் கொண்ட சிறு குன்று. தென் திருப்பதி என்றும் இப்பக்கத்தில் சொல்வதுண்டு. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சுற்றுக் கிராமத்து விவசாயிகள் பலரை இங்கே சேர்ந்தாற்போல் பார்க்கலாம். அடிவாரத்தில் செருப்பைக் கழற்றும் இடத்திலேயே பேச்சு ஆரம்பமாகிவிடும். கண்மாய்க்குத் தண்ணீர் வந்ததா, தேங்காய் என்ன விலை போகிறது, வெள்ளை ஈ உங்கள் தோப்பிலும் இருக்கிறதா என்று முன்பின் தெரியாதவர்கள்கூடப் பேசிக்கொள்வார்கள்.

இதே விவசாயியை வேளாண்மைத் துறையினர் கூட்டும் கூட்டத்தில் பாருங்கள். கடைசி வரிசையில் துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கூட்டம் முடிந்து அலுவலர் மோட்டார் சைக்கிளை உதைக்கும் நேரத்தில்தான் ஓடிவந்து, "சார், ஒரு சந்தேகம்" என்பார். நின்றுகொண்டே கேட்ட கேள்விக்கு நின்றுகொண்டே சொல்லும் பதில்தான் கிடைக்கும். அதே சந்தேகம் உள்ள இன்னும் பத்துப் பேர் அதற்குள் பஸ் ஏறிவிட்டிருப்பார்கள். சிலர் அதுவும் கேட்பதில்லை. நேரே மருந்துக் கடைக்குப் போய், "பருத்தி சிவந்துபோச்சு, ஏதாவது கொடுங்க" என்று கேட்டு, இரண்டு மூன்று மருந்துகளை ஒன்றாகக் கலந்து அடித்துவிடுகிறார்கள்.

பருத்தியைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இப்பகுதியில் மாசிப் பட்டத்தில் இறவைப் பருத்தி போடுவது நீண்ட நாளைய வழக்கம். ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எஸ்.வி.பி.ஆர். என்று தொடங்கும் ரகங்களின் பெயரில் இருப்பது இந்த ஊர்ப் பெயர்தான். இருந்தும் இலை சிவப்பதற்குக் காரணம் ஒன்றல்ல என்பது பல விவசாயிகளுக்குத் தெரியாது. தத்துப்பூச்சி சாறு உறிஞ்சினால் இலையின் ஓரம் முதலில் மஞ்சளாகி, கீழ்நோக்கிச் சுருண்டு, பிறகு சிவந்து கருகும். இலையைத் திருப்பிப் பார்த்தால் பச்சை நிறத்தில் சிறு பூச்சிகள் பக்கவாட்டில் ஓடும். மக்னீசியச் சத்துக் குறைந்தாலோ அடி இலைகள் முதலில் சிவக்கும். நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கும், இலைக்கு அடியில் பூச்சி இராது. தண்ணீர் தேங்கி வேர் மூச்சுவிட முடியாமல் போனாலும் செடி நிறம் மாறும். வயதான செடியில் அது இயல்பாகவும் வரும்.

மக்னீசியக் குறைவுக்குப் பூச்சி மருந்து அடித்தால் என்ன ஆகும்? மருந்துக்கும் கூலிக்கும் கொடுத்த பணம் போகும். இலை பச்சையாகாது. தீமை செய்யும் பூச்சியைத் தின்று நமக்கு உதவும் பொறிவண்டு சாகும். பிறகு உண்மையிலேயே பூச்சி வரும்போது அதைக் கட்டுப்படுத்த வயலில் எதுவும் மிஞ்சியிராது. கூட்டத்தில் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியின் விலை இவ்வளவு.

ஆனால் கேட்டவருக்கும் சரியான பதில் கிடைத்துவிடுவதில்லை. "பருத்தி இலை சிவக்குது, என்ன மருந்து அடிக்கலாம்?" என்று எழுந்து கேட்டால் எந்த அலுவலராலும் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியாது. அவர் பொதுவாக நாலு விஷயம் சொல்வார், கேட்டவர் குழப்பத்தோடு உட்காருவார். இப்படிக் கேட்டுப் பார்க்கலாம்: "சார், விதை ஊன்றி 60 நாள் ஆச்சு. பத்து நாளா அடி இலை சிவக்குது. நரம்பு பச்சையாத்தான் இருக்கு. இலைக்கு அடியில பூச்சி ஒண்ணும் காணோம். போன தண்ணி விட்டு எட்டு நாளாச்சு." இதில் கேள்வியே இல்லை என்று தோன்றலாம். ஆனால் பதில் பாதிக்குமேல் இதிலேயே இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர், "நம்ம காட்டுலயும் அப்படித்தான் அண்ணாச்சி, ஆனா மேல் இலைதான் சிவக்குது" என்பார். அலுவலர் மேல் இலைக்கும் அடி இலைக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்குவார். பேச்சு தொடங்கிவிட்டது.

எனவே முதன்முதலாகப் பேச எழுபவர் தம் வயலில் கண்ணால் கண்டதைச் சொல்லித் தொடங்குவதே நல்லது. எத்தனை நாள் பயிர், என்ன ரகம், எப்போது என்ன உரம் போட்டீர்கள், கடைசியாக எப்போது தண்ணீர் பாய்ச்சினீர்கள் என்பதைப் பழைய நாட்காட்டித் தாளின் பின்புறம் குறித்துக்கொண்டு போகலாம். முடிந்தால் பாதிப்பு உள்ள செடி ஒன்றையும் நல்ல செடி ஒன்றையும் வேரோடு பிடுங்கி ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். பேச்சு வராதவருக்குச் செடி பேசும். கையில் செடியைப் பார்த்தவுடன், "என்ன தம்பி அது, கொடு பார்ப்போம்" என்று மற்றவர்களே கேட்பார்கள்.

சிலர் எழுந்தவுடன் தாத்தா காலத்து விவசாயத்திலிருந்து ஆரம்பித்து உர விலை, ஆள் பஞ்சம், பன்றித் தொல்லை என்று எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள். அத்தனையும் உண்மைதான். ஆனாலும் எதற்குப் பதில் வேண்டும் என்று யாருக்கும் விளங்காது. ஒரு கூட்டத்துக்கு ஒரு சங்கதி போதும்.

புதிதாகச் சேர்ந்தவர் முதல் கூட்டத்திலேயே பேச வேண்டும் என்பதில்லை. ஒன்றிரண்டு கூட்டம் கேட்டுக்கொண்டிருந்தால் யார் எந்தப் பயிரில் தேர்ந்தவர், போன மாதம் எது பேசித் தீர்ந்தது என்பது பிடிபடும். ஆனால் கேட்டுக்கொண்டிருப்பதே பழக்கமாகிவிடக் கூடாது. மூன்றாவது கூட்டத்தில் பேசாதவர் முப்பதாவது கூட்டத்திலும் பேசமாட்டார் என்பது நாம் கண்ட அனுபவம். இதற்கு ஒரு சுலப வழி, கால் மணி முன்னதாகப் போய்விடுவது. ஜமக்காளம் விரிக்கவும் நாற்காலி போடவும் கைகொடுத்தால் நாலு பேரோடு பேச்சு தானாக வரும். அங்கே சொன்னதையே கூட்டத்தில் மறுபடி சொல்வது கடினமல்ல.

பெரியவர் ஒருவர் சொல்வது நம் அனுபவத்துக்கு மாறாக இருந்தால் என்ன செய்வது? "நீங்க சொல்றது தப்பு" என்றால் அத்தோடு பேச்சு முறிந்துவிடும். "அண்ணாச்சி சொன்ன மாதிரித்தான் நானும் செஞ்சேன், என் கரிசல்ல அப்படி வரலை. மண்ணு வேறங்கிறதாலயா?" என்றால் அவரும் யோசிப்பார். செம்மண் தோட்டத்தில் பலித்தது கரிசலில் பலிக்காமல் போவது இப்பகுதியில் சாதாரணம்.

குழுவாகக் கூடிப் பேசுவது நமக்குப் புதிதல்ல. கனடா நாட்டில் 1941 முதல் 1965 வரை பண்ணை வானொலி மன்றங்கள் நடந்தன. அண்டை அயலார் ஒரு வீட்டில் கூடி ரேடியோ நிகழ்ச்சியைக் கேட்டு விவாதிப்பார்கள். அதைப் பின்பற்றி 1956ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலியும் யுனெஸ்கோவும் புனா வட்டாரத்தில் 150 கிராமங்களில் மன்றங்கள் அமைத்தன. மன்றத்தார் எழுப்பிய கேள்விகளுக்கு வானொலியிலேயே விடை சொன்னார்கள். ஒரு கிராமத்தில் ஒருவர் வாய் திறந்தால் மற்றக் கிராமங்களுக்கும் அது பயன்பட்டது. நம் தமிழ்நாட்டில் 1960களில் திருச்சி வானொலி வாயிலாகப் பரவிய ஏ.டி.டி. 27 நெல்லைத் தஞ்சை விவசாயிகள் 'ரேடியோ நெல்' என்றே அழைத்தார்கள். இன்று 20 பேர் கொண்ட உழவர் ஆர்வலர் குழுக்களும், அப்படி ஐந்து குழு சேர்ந்த 100 பேர் கொண்ட உழவர் உற்பத்தியாளர் குழுக்களும் ஊர்தோறும் இருக்கின்றன. நூறு பேரில் ஐந்து பேர் மட்டும் பேசினால் அந்த ஐந்து பேருக்கு வேண்டியதைத்தான் குழு வாங்கும், விற்கும்.

பழைய உறுப்பினர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. "இதுகூடத் தெரியாதா?" என்று ஒருவர் சிரித்துவிட்டால், கேட்டவர் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வாயை மூடிக்கொள்வார்கள். குழுத் தலைவர், "யாருக்காவது சந்தேகம் உண்டா?" என்று பொதுவாகக் கேட்பதால் பலனில்லை. "உங்க வயல்ல இப்ப பயிர் எப்படி இருக்கு?" என்று புதியவரைப் பார்த்துக் கேட்கலாம். அதற்கு எவரும் பதில் சொல்லிவிடுவார்.

பெண்களையும் மறக்கக் கூடாது. களை எடுப்பதும் பருத்தி எடுப்பதும் பெரும்பாலும் அவர்கள்தான். செடியில் மாற்றத்தை முதலில் பார்ப்பது அவர்கள் கண்தான். கூட்டத்திலோ வாசற்படி ஓரமாக நிற்கிறார்கள். அவர்களை உள்ளே அழைத்து உட்கார வைத்துக் கேட்டால் அலுவலருக்கும் தெரியாத சேதி கிடைக்கும்.

விருதுநகரில் மாவட்ட ஆட்சியர் தலைமையில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் வேறு மாதிரி. அங்கே பேசக் கிடைப்பது ஓரிரு நிமிடம். ஊர், சர்வே எண், என்ன நடந்தது, என்ன செய்து தர வேண்டும் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி மனுவாகக் கொடுத்துவிட்டுப் பேசுங்கள். மனுவின் நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். அடுத்த மாதம் அதைக் காட்டித்தான் பேச்சைத் தொடர வேண்டும்.

எல்லார் முன்னிலையிலும் பேசக் கூச்சம் தெளியாதவர்கள் 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசிப் பழகலாம். 2004 முதல் நடைபெறும் சேவை இது. அங்கே எடுப்பவர் முதலில் கேட்பதும் என்ன பயிர், எத்தனை நாள் ஆயிற்று என்பதுதான். அந்த நாட்காட்டித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு போன் செய்யுங்கள்.