வைட் தீர்ப்பது கீப்பரின் கை அல்ல

"அம்பயர் காக்கா, கீப்பர் எங்க போய்ப் புடிச்சான் எண்டு பாத்தீங்களா? இதுவும் வைட் இல்லையா?"

கல்முனை சந்தாங்கேணி மைதானத்திலும் மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கங்களிலும் மென்பந்துச் சுற்றுப்போட்டி நடந்தால் இந்தக் கூச்சல் கேட்காமல் ஒரு பின்னேரம் முடியாது. பெரியவர்கள் கத்துவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் 15 வயதுக்குட்பட்டோர் போட்டியிலும் அதையே கத்துகிறார்கள். கீப்பர் பாய்ந்து பிடித்தால் வைட், நின்ற இடத்தில் பிடித்தால் நல்ல பந்து என்பது ஊரில் சட்டமாகவே ஆகிவிட்டது. அப்படி ஒரு சட்டம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

கிரிக்கெட் விதிகளை எழுதுவது எம்.சி.சி. அதன் 22ஆவது விதிதான் வைட்டைப் பற்றியது. எது வைட் என்று தீர்மானிக்கச் சொல்லும் பகுதியில் கீப்பரைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. துடுப்பாட்ட வீரர் நிற்கும் இடத்திலிருந்தும், வழமையாக அவர் நின்றிருக்கக்கூடிய இடத்திலிருந்தும் சாதாரண அடி ஒன்றால் எட்ட முடியாதபடி பந்து விலகிப் போக வேண்டும். பந்து அவருடைய விக்கெட்டைக் கடந்ததுமே நடுவர் கையை விரிக்க வேண்டும். அதாவது கீப்பர் பந்தைத் தொடுமுன்னரே தீர்ப்பு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவர் பாய்ந்தால் என்ன, புரண்டால் என்ன?

மென்பந்தில் இந்தத் தவறு இன்னும் மோசமான அநியாயமாகிறது. கடினபந்தின் நிறை 156 கிராமுக்கும் 163 கிராமுக்கும் இடைப்பட்டது. நாம் ஆடும் டென்னிஸ் பந்து 60 கிராம்கூட இல்லை. கச்சான் அடிக்கும் மாதங்களில், வடக்குத் தெற்காகப் போட்ட பிட்சில் காற்று குறுக்கே வீசும். ஓஃப் ஸ்டம்புக்கு ஒரு சாண் வெளியே, துடுப்புக்கு எட்டும் தூரத்தில் கடந்த பந்தைக் காற்று தள்ளிக்கொண்டு போகிறது. நாலைந்து எட்டுப் பின்னால் நிற்கும் கீப்பர் அதை இரண்டு எட்டு விலகிப் பிடிக்கிறார். காற்றே இல்லாவிட்டாலும், இடக்கைக்காரப் பையன் கிறீஸின் ஓரத்திலிருந்து கோணமாகப் போட்டால் பந்து போகப் போக விலகத்தானே செய்யும்? பந்து துடுப்பாட்ட வீரரைக் கடந்தபோது எங்கே இருந்தது என்பது ஒன்றுதான் கேள்வி. அதை நேர்கோட்டில் பார்ப்பவர் பந்துவீசும் பக்கத்தில் நிற்கும் நடுவர். பொயின்ட் பக்க மதில்மேல் குந்தியிருப்பவருக்குப் பந்தின் உயரம் தெரியலாம், அகலம் தெரியவே தெரியாது.

இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. அமெரிக்கப் பிள்ளைகள் ஆடும் சொஃப்ட்போலிலும் கெட்சரின் கையுறை இருந்த இடத்தைக் காட்டிப் பெற்றோர் நடுவரோடு சண்டைக்குப் போவார்கள். அங்கும் விதி இதேதான். 17 அங்குல அகலமுள்ள ஹோம் பிளேட்டுக்கு மேலாகப் பந்து கடந்ததா என்பதைத்தான் நடுவர் பார்ப்பார். கெட்சர் அதை எங்கே பிடித்தார் என்பது கணக்கில் வராது.

கூச்சலுக்குப் பயந்த நடுவர் என்ன செய்கிறார் என்று கவனித்துப் பாருங்கள். பந்து போகிறது, கை அசையவில்லை. கீப்பர் பாய்கிறார், எல்லைக்கோட்டில் சத்தம் எழுகிறது, நடுவரின் தலை அந்தப் பக்கம் திரும்புகிறது, அதன் பிறகு இரண்டு கையும் மெதுவாக விரிகின்றன. பந்தைப் போட்ட பையன் அடுத்த பந்தைப் பயந்து பயந்து நடுவில் போடுகிறான், அது ஆறு ஓட்டமாகிறது. இப்படித்தான் நல்ல பந்துவீச்சாளர்களைப் பதின்மூன்று வயதிலேயே கெடுக்கிறோம்.

மற்றக் கதைகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. பந்து துடுப்பிலோ உடம்பிலோ பட்டால் வைட் இல்லை. காலில் பட்டுப் போன பந்துக்கு வைட் கேட்பது வீண். துடுப்பாட்ட வீரர் தானே நகர்ந்து பந்தைத் தனக்கு எட்டாமல் ஆக்கிக்கொண்டாலும் வைட் இல்லை. வைட்டில் ஆட்டமிழக்க முடியாது என்பதும் பொய்: ஸ்டம்பிங், ரன் அவுட் இரண்டும் செல்லும். குட்டைப் பையனுக்கும் நெட்டைப் பையனுக்கும் வைட் ஒரே தூரம் என்பதும் விதியில் இல்லை, ஏனென்றால் பந்தை எதிர்கொள்பவருக்கு எட்டுமா என்பதே அளவு. தலைக்கு மேலால் எகிறும் பந்து மட்டும் உண்மையிலேயே குழப்பமானது. எம்.சி.சி. விதியில் அது நோ போல். சர்வதேச ஒருநாள் ஆட்ட நிபந்தனைகளில் அது வைட். டென்னிஸ் பந்து அதிகம் எகிறுவதால், எதைப் பின்பற்றுகிறோம் என்று போட்டிக்கு முன்பே இரு தலைவர்களுக்கும் சொல்லிவிட வேண்டும்.

கழகங்களிடம் எனக்கு ஒரு கோபம் உண்டு. கிண்ணத்துக்கும் பெனருக்கும் ஒலிபெருக்கிக்கும் காசு கிடைக்கிறது. ஒரு கிலோ சுண்ணாம்புக்கும் அளவு நாடாவுக்கும் கிடைப்பதில்லை. சர்வதேச ஒருநாள் ஆட்டங்களில் நடுவருக்கு உதவியாக, ரிட்டர்ன் கிறீஸிலிருந்து 17 அங்குலம் உள்ளே ஒரு கோடு போடுகிறார்கள். நடு ஸ்டம்பிலிருந்து அளந்தால் அது 35 அங்குலம். சிறுவர் போட்டியென்றால் இரு தலைவர்களும் ஒப்புக்கொண்டு அந்தக் கோட்டை இன்னும் உள்ளே கொண்டு வரலாம். பத்து நிமிட வேலை. அதைச் செய்யாமல், துடுப்பெடுத்தாடும் அணியின் பையன் ஒருவனையே நடுவராக நிறுத்திவிட்டு, பிறகு அவன் பக்கச்சார்பு என்று அடிதடிக்கு நிற்கிறோம்.

அடுத்த சுற்றுப்போட்டியை நடத்தப்போகும் தம்பிமாரே, முதல் பந்து வீசப்படுமுன் இரு பக்கமும் அந்தக் கோட்டை அளந்து போடுங்கள். இரு அணியிலும் சேராத ஒருவரை நடுவராக நிறுத்துங்கள். கீப்பரைக் காட்டிக் கத்துகிறவரை, அவர் கழகத் தலைவராகவே இருந்தாலும், எல்லைக்கோட்டுக்கு வெளியே அனுப்புங்கள்.